மீனுக்கு ஆகாது

வீட்டின் பின்புறம் நீச்சல் குளம் கட்டியபோது சிற்றம்பலம் மனைவியிடம் ஒன்றுதான் சொன்னார். "எண்ணெய்த் தலையோட இறங்கிடாத கோமளா, தண்ணி பாழாயிடும்." அவள் ஒருநாளும் இறங்கவில்லை. நண்பர்கள் வருவது நின்றதும் அவரும் குளத்தை மறந்துபோனார். தண்ணீரில் பாசி படர்ந்தது. பத்து வருடம் கழித்துக் கோமளா அதை இறைத்துத் தேய்த்து, புதுத் தண்ணீரைக் குளோரின் நெடி போக இருபது நாள் வெயிலில் ஆறவிட்டு, கப்பி மீன்களையும் மோலிகளையும் விட்டாள். தினமும் கொண்டையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்குவாள். நூற்றுக்கணக்கான மீன்கள் அவளைச் சூழ்ந்துகொள்ளும்.

நேற்று பழைய நண்பர்கள் வந்திருந்தார்கள். "எல்லாம் நம்ம குளத்து மீன்தான்" என்று சொல்லிக்கொண்டே சிற்றம்பலம் வேட்டியை மடித்துக் கட்டி, படியில் இறங்கப் போனார்.

"நில்லுங்க. முட்டிக்குத் தைலம் தேச்சிருக்கீங்க, மீனுக்கு ஆகாது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்.

"இப்ப இறங்கலாமா?"

கோமளா கொண்டைத் துண்டை இன்னொரு முறை இறுக்கிக்கொண்டு மீன்களைப் பார்த்தாள். தூக்கிய காலோடு அவர் காத்திருந்தார்.