இன்னும் ஒரு திருத்தம்

“அக்கா, இன்னைக்காவது மேடம் கையெழுத்துப் போட்டுருவாங்களா?”

வாசலில் செருப்பைக் கழற்றியபடியே மதிவதனி கேட்டாள். அக்கா என்று அவள் கூப்பிட்டது பேராசிரியை ரம்லாவின் தங்கை ரம்ஜான் பீவியை.

“உள்ளார போ கண்ணு, டீ கொண்டாரேன்” என்று சமையலறைப் பக்கம் போய்விட்டாள்.

கோட்டைமேட்டில் இருக்கும் அந்த வீட்டுக்கு ஆறு வருடமாக வந்துகொண்டிருக்கிறாள் மதிவதனி. ஹாரியட் பென்ஃபோல்ட் என்ற ஆங்கிலேயப் பெண்மணியைப் பற்றி அவள் ஆங்கிலத்தில் எழுதும் முனைவர் பட்ட ஆய்வு. விக்டோரியா ராணி காலத்தில், பழைய நாடகங்களின் பதிப்புகளையெல்லாம் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, முப்பது வருடம் குறிப்புரை எழுதியவள் ஹாரியட். அச்சான பத்துத் தொகுதிகளிலும் அவளுடைய அண்ணன் பெயர்தான் இருந்தது. அவளைத் தேடிப் பிடித்து மதிவதனிக்குக் காட்டியதே ரம்லா மேடம்தான்.

முதல் மூன்று வருடம் மேடம் ஒரு வரியையும் சும்மா விட்டதில்லை. பக்கத்தின் ஓரமெல்லாம் சிவப்பு மையால் நிரப்பித் தருவார். பிறகு என்ன ஆனதோ, தாள்கள் கொடுத்தபடியே திரும்பி வந்தன. “இன்னும் திருத்தணும்” என்பார். எங்கே என்று கேட்டால், “அதை நீதான் கண்டுபிடிக்கணும்” என்பார்.

மாணவி தன்னைத் தாண்டிப் போய்விடுவாளோ என்ற பொறாமை என்று துறையில் பேசிக்கொண்டார்கள். மதிவதனியும் நம்ப ஆரம்பித்திருந்தாள்.

தொண்ணூற்று நான்காம் வருடத்தோடு அவளுடைய பதிவுக் காலம் முடிகிறது. மிச்சம் நான்கு நாள். பட்டம் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று அவள் பாடம் எடுக்கும் கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

போன வாரம் கடைசிப் பக்கத்தை மட்டும் மறுபடி எழுதச் சொல்லியிருந்தார் மேடம். ஏழாவது தடவை. மதிவதனி எழுதவில்லை. ஆய்வு நெறியாளரை மாற்றித் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அதே துறையில் இருக்கும் அரங்கசாமி சார் அவளை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மேடம் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

“வா மதி, உக்காரு” என்றார் உள்ளே உட்கார்ந்திருந்த மேடம். “பாப்பா பள்ளிக்கூடம் போறாளா?”

“போறாளுங்க மேடம். நான் பதிவு பண்ணினப்ப வயித்துல இருந்தா. இப்ப ஒண்ணாங்கிளாஸ்.”

மேடம் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“எம்மேல கோவமா இருக்கற.”

“கோவப்பட்டு என்னங்க ஆகப்போகுது? அந்தப் பக்கத்தைப் பாக்கவே பிடிக்கலீங்க. எனக்குப் படிப்பே வேண்டாம்னு ஆகிப்போச்சு.”

“அப்படிச் சொல்லாத கண்ணு. முப்பது வருசம் ஒத்தை எழுத்து விடாமப் பாத்தவ ஹாரியட். பேரு கூட மிஞ்சல. அவளை நீதான் வெளிய கொண்டாரணும்.”

“அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுங்க மேடம்.”

“படிக்காம ஒரு தாள்லயும் நான் கையெழுத்துப் போட்டதில்ல.”

“படிச்சீங்கல்ல? எது நல்லா இல்லைன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கீங்களா?”

மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கடைசிப் பக்கம் கொண்டாந்தியா?” என்று மட்டும் கேட்டார்.

கொண்டுவந்திருப்பது வேறு என்று வாயால் சொல்ல மதிவதனிக்குத் தைரியம் வரவில்லை. கடிதத்தை எடுத்து நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்தவரிடம் இப்படி ஒரு காகிதத்தை நீட்ட வேண்டி வந்ததே என்று இருந்தது அவளுக்கு.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முகத்துக்கு நேராகப் பிடித்தார். இடமிருந்து வலமாக, மெதுவாக, அவர் தலை அசைந்துகொண்டே இருந்தது. டீயோடு வந்த ரம்ஜான் பீவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“போன தடவைக்கு இது எவ்வளவோ தேவலை மதி” என்றார் மேடம். “ஹாரியட்டோட கடைசி நாளைப் பத்தின இடம் நல்லா வந்திருக்கு. அதுக்கு மேல இருக்கற பாராவை மட்டும் கொஞ்சம் திருத்திக் கொண்டா.”

மதிவதனி நிமிர்ந்தாள். சொல்லிவிடாதே என்பதுபோல் ரம்ஜான் பீவி கண்ணீரோடு தலையை அசைத்தாள். மேடம் கையில் இருந்த தாளில், நெறியாளரை மாற்றித் தரக் கேட்டு, தமிழில் நான்கே வரிதான் எழுதியிருந்தது.