வளையம் போடும் விளையாட்டு

"கத்தாதப்பா. நான் இங்கதானே இருக்கேன்" என்று வாண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

காது மருத்துவமனையில் காத்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கேட்டது, தண்ணீர் வேண்டுமா என்று மட்டும்தான்.

"மரம் அறுக்கிற மில்லுல பேசிப் பழகின வாய். அப்படித்தான் வரும்" என்று அம்மா சிரித்தாள்.

"நீ ஏன் சொல்ல மாட்டே? இத்தனை நாளும் கத்திக் கத்தித்தானே இவளைக் கூப்பிட்டோம். திடீர்னு நிறுத்துன்னா நிக்குமா?"

அதுவும் நியாயம்தான். நாலு வயது வாண்டுக்குச் சளி பிடித்தால் போதும், நேரே காதுக்குப் போய்விடும். காய்ச்சல், அழுகை, மருந்து. ஒரு காது ஆறுவதற்குள் மறு காது ஆரம்பித்துவிடும். செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கித் தேங்கி, பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டது பிள்ளை. கடைசியில் டாக்டர் இரண்டு செவிப்பறையிலும் அரிசியைவிடச் சின்னதாக ஒவ்வொரு குழாய் வைத்து, நீர் வடிய வழி செய்தார். இப்போது காது சரியாகக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

இத்துனூண்டு பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கச் சம்மதித்தவர் அப்பாதான். அது வீணாகிப் போயிருந்தால் அவரால் தாங்க முடியாது.

"எல்லாம் நல்லா கேக்குதுங்க. நேத்து அடுப்படியில பிஸ்கட் டப்பாவைத் தொட்டேன், வாசல்லேர்ந்து ஓடி வந்துட்டா" என்றாள் அம்மா.

"பிஸ்கட்டுக்குக் காது எதுக்கு? அவளுக்கு மூக்கே போதும்."

"உங்களை நம்ப வைக்க அந்த மெஷினாலதான் முடியும்" என்று அம்மா பெருமூச்சு விட்டாள்.

பரிசோதனை செய்யும் பெண் கதவைத் திறந்தாள். "பாப்பாகூட யாராவது ஒருத்தர் வாங்க. பின்னால நாற்காலியில உக்காரணும். பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது."

"நீங்களே போங்க. உங்க வாயைக் கட்டிப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றாள் அம்மா.

உள்ளே சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். வாண்டு உட்கார ஒரு குட்டி நாற்காலி. அதற்கு முன்னால் குட்டி மேஜைமேல் ஒரு குச்சியும், கலர் கலராக வளையங்களும். சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு வளையத்தை எடுத்துக் குச்சியில் போட வேண்டும், அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் வெளியே போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

'பூம்' என்று ஒரு சத்தம். வாண்டு சிவப்பு வளையத்தைப் போட்டது. மறுபடி 'பூம்'. மஞ்சள் வளையம். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதோடு சத்தம் நின்றுபோனது.

வாண்டு நிற்கவில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்காரும். பிறகு சமர்த்தாக ஒரு வளையத்தை எடுத்துப் போடும். மறுபடி தலையைச் சாய்க்கும். பச்சை போனது, நீலம் போனது. அறையில் ஒரு சத்தமும் இல்லை. இதற்கு விளையாட்டாகப் போய்விட்டது என்று முதலில் அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. கேட்காததையெல்லாம் கேட்டதுபோலக் காட்டிக்கொள்ளப் பழகிவிட்டதோ பிள்ளை? வீட்டிலும் இப்படித்தான் இருவரையும் ஏமாற்றிக்கொண்டிருந்ததோ? குச்சி நிறைகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவு திறந்தது. அந்தப் பெண்ணுக்குப் பின்னாலேயே அம்மாவும் உள்ளே வந்தாள்.

"எல்லாத்தையும் போட்டுட்டேன்" என்றது வாண்டு பெருமையாக.

"நீ போட்டது எனக்குத் தெரியாதா?" என்று அதன் தலையைத் தடவிவிட்டு, அப்பா அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஒண்ணு சொல்லணும்மா. குழந்தையைத் தப்பா நினைக்காதீங்க, நமக்குப் பிடிக்குமேன்னுதான் அப்படிச் செய்யறா. உங்க மெஷின் ரெண்டு தடவை கத்திட்டு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் இவ சும்மாதான் போட்டுக்கிட்டிருந்தா. மறுபடியும் முதல்லேர்ந்து வைங்க."

அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன் கணவரைப் பார்த்தாள்.

"மெஷின் நிக்கல சார். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வந்தேன். பாப்பா ஒண்ணுகூட விடல, காது அருமையாக் கேக்குது" என்ற அந்தப் பெண், வாண்டைத் தூக்கி இறக்கிவிட்டு, அந்தக் குட்டி நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள். "இப்ப நீங்க வந்து இதுல உக்காருங்க சார்."