நேரில் வந்தால்தான் ஓட்டு

"அந்தக் கடைசி வீட்டுக்கு மட்டும் போகாதேம்மா" என்றாள் தையல்கடை அக்கா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"ஏங்க்கா, நாய் இருக்கா?"

"நாய் இருந்தாத் தேவலையே. பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. தனிக்கட்டை. ஏர்ஹாரன்னுதான் நாங்க சொல்லுவோம், அப்படி ஒரு தொண்டை. ஆனா கொஞ்ச நாளா உள்ளே யார்கூடவோ குசுகுசுன்னு பேசறாரு. எட்டிப் பார்த்தா ஈ, காக்கா கிடையாது."

கருத்துக்கணிப்புக்கு வந்த பெண் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கு வறண்டிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம் மக்கள், ஊருக்கு வராமல் அங்கிருந்தே ஓட்டுப் போடலாமா, கூடாதா? இந்த ஒரு வீட்டை முடித்தால் வீட்டுக்குப் போகலாம்.

கேட்டைத் தொட்டபோதே உள்ளேயிருந்து குரல் வந்தது. தாழ்ந்த, கொஞ்சலான குரல்.

"ஓடாதே கண்ணு... தரை ஈரமா இருக்கு... கையைப் பிடிச்சுக்கோ..."

பெல்லை அழுத்தினாள். பேச்சு பட்டென்று நின்றது.

கதவைத் திறந்தவர் ஓங்குதாங்காக இருந்தார். கேள்வியை முழுதாகக் கேட்கக்கூட விடவில்லை.

"கூடாது! கூடவே கூடாது!" தெருவே அதிர்ந்தது. "விட்டுட்டுப் போனவனுக்கு இங்க என்ன உரிமை? கரன்ட் போனா அவனுக்கு வேர்க்குமா? குழாய்ல தண்ணி வரலைன்னா அவன் குடம் தூக்குவானா? ஓட்டு வேணும்னா ஃப்ளைட் ஏறி வரட்டும். எங்களோட வரிசையில நிக்கட்டும்!"

'கடும் எதிர்ப்பு' என்று போனில் தட்டினாள். கல்நெஞ்சு என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

"வெயில்ல நிக்காதேம்மா. உள்ள வந்து தண்ணி குடி."

உள்ளே கால் வைத்தவளுக்கு முதுகு சில்லிட்டது.

சுவரோரம் செருப்புகள் வரிசையாக இருந்தன. ஆண் செருப்பு, பெண் செருப்பு, அப்புறம் ஒரு ஜோடி குட்டிச் செருப்பு. ஒன்றின் அடியிலும் துளி மண் இல்லை. எல்லா அறைகளிலும் ஃபேன் சுற்றியது. கட்டில்களில் படுக்கை விரித்திருந்தது. மேஜையில் தட்டுகள் தயாராக இருந்தன. ஆள்தான் யாருமில்லை.

சமையலறைக்குப் போனவர் அங்கே மெதுவாகப் பேசுவது கேட்டது.

"சத்தம் போடக் கூடாது ராஜா... அக்கா வந்திருக்காங்கல்ல? அக்காவுக்கு டாட்டா காட்டு பார்ப்போம்..."

அவள் எட்டிப் பார்த்தாள். டம்ளரோடு அவர் மட்டும்தான் நின்றிருந்தார். முழங்கால் உயரத்தில் இருந்த எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா... யார்கிட்ட பேசறீங்க?" அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை.

ஏர்ஹாரன் திடுக்கிட்டுத் திரும்பினார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல முகம் சுருங்கிப்போயிற்று.

"கேட்டுடுச்சா?" என்றார். "போன எலக்‌ஷனுக்குப் பையன் குடும்பத்தோட வந்தான்மா. ஆசையா 'வாடா'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டேன். இந்தப் பாழாப்போன தொண்டை! மிரண்டு அழுத பேரன், கிளம்பற வரைக்கும் என் கிட்டயே வரலை. அதான் மெல்லப் பேசிப் பழகறேன். இந்த எலக்‌ஷனுக்கும் ஞாயித்துக்கிழமை வர்றாங்க. ஃபேன், படுக்கை, தட்டுன்னு எல்லாம் இப்பவே சரிபார்த்து வச்சுட்டேன். செருப்புகூடக் குத்துமதிப்பாத்தான் வாங்கி வச்சிருக்கேன். கால் எவ்வளவு வளர்ந்திருக்கோ, என்னமோ."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"பெத்த பிள்ளையே வெளிநாட்டுல இருக்காரு. அப்படியிருந்துமா அந்தக் கத்து கத்தினீங்க? அங்கேயே ஓட்டுப் போட்டுட்டா அவருக்கும் அலைச்சல் மிச்சந்தானே?"

அவர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவங்கம்மா செத்தப்போ அவனுக்கு லீவு கிடைக்கலை. எனக்கு ஆபரேஷன் நடந்தப்போ டிக்கெட் கிடைக்கலை. எலக்‌ஷன்னா மட்டும் எப்படியாவது வந்துடுவான். கட்சிப் பைத்தியம்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார்.

"அதையும் அங்கேயே போடலாம்னு சொல்லிட்டா, அப்புறம் எதுக்கும்மா வருவான்?"