தோர்ஸ்டைனின் அளவு

மருந்துக்கடையில் ஆணுறை அடுக்குக்கு முன்னால் ஐவிந்த் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் தோர்ஸ்டைனும் நின்றான். தோர்ஸ்டைன் கடலோடு போய் நாலு வருஷம் ஆகிறது. ஆனாலும் ஐவிந்தை அவன் ஒரு நாளும் தனியாக விட்டதில்லை.

நண்டுப் படகோடு மூழ்கியவன். உடல்கூடக் கரைக்கு வரவில்லை. அவன் கட்டிய வீட்டில்தான், அவன் மனைவி சிக்ரிதைக் கல்யாணம் செய்துகொண்டு ஐவிந்த் ஒரு வருஷமாகக் குடியிருக்கிறான். ஆறேமுக்கால் அடி ஆளுக்காக உயர்த்தி வைத்த நிலைகள், ஐவிந்துக்கு எட்டாத அலமாரிகள். நடையில் தோர்ஸ்டைனின் மழைக்கோட்டு இன்னும் தொங்குகிறது. மகள் மாரென் அதைக் கழற்ற விடமாட்டாள்.

கல்யாணமான வாரத்தில் குளியலறை இழுப்பறையின் அடியில் ஒரு பழைய பெட்டி அகப்பட்டது. ஏறக்குறைய நிறைந்தே இருந்தது. மேலே ‘மிகப் பெரியது’ என்று போட்டிருந்தது. யாருடையது என்று கேட்கவா வேண்டும்? ஐவிந்த் அதைச் சத்தமில்லாமல் குப்பையில் போட்டுவிட்டு, அதே அளவில் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டான். அன்றிலிருந்து விளக்கை அணைக்காமல் அவன் கட்டிலுக்குப் போனதில்லை.

போன மாதம் ஒரு நாள் உறை நடுவிலேயே கழன்றுவிட்டது.

மாரென் பிறந்தபோதே சிக்ரிதின் இதயம் நின்று நின்று ஓடியது. இன்னொரு பிரசவத்தை அது தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரையும் அவளுக்கு ஆகாது. நாள் தள்ளிப்போன அந்த ஒரு வாரம் இருவரும் நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், “பழைய சரக்கா இருக்கும். புதுசா வாங்கிட்டு வா” என்று மட்டும் சொன்னாள் சிக்ரித்.

“என்ன ஐவிந்த், கடைக்குக் காவலா?” கல்லாவிலிருந்து மருந்துக்கடைக்காரி பெரித் கேட்டாள். “என்ன அளவு வேணும்?”

இருமல் மருந்துக்கு நின்றிருந்த கிழவி, காது கேட்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“இருக்கறதுலயே பெருசு” என்றான் ஐவிந்த்.

“அளந்து பாத்தியா?”

“இதை எதுக்கு அளக்கணும்? எனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியாதான்னு கேட்டவங்கதான் பத்து மாசம் கழிச்சுப் பால்பவுடர் வாங்க வர்றாங்க. பெருசு நழுவும், சின்னது கிழியும். ஆளு உயரத்தைப் பாத்து வாங்குற சாமானா இது?” பெரித் ஒரு காகித நாடாவை நீட்டினாள். “சுத்தளவை எடு. அதுல பாதி. அந்தப் பாதிக்குக் கொஞ்சம் கம்மியா எந்த நம்பர் இருக்கோ, அதான் உன்னது. பெருசு ஒண்ணு, நடுத்தரம் ஒண்ணு, ரெண்டு பெட்டியும் கொண்டுபோ. பிரிக்காததைத் திருப்பிக் குடு.”

கிழவி ஜன்னலைப் பார்த்தபடியே சிரித்தாள். ஐவிந்த் இரண்டையும் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தான்.

மதியம் இரண்டு மணிதான். வடகோடிக் குளிர்காலம், அதற்குள் தீவு முழுக்க இருட்டிவிட்டது. மாரென் பள்ளியில். சமையலறையில் சிக்ரித் பாத்திரம் கழுவும் சத்தம். ஐவிந்த் குளியலறைக் கதவைத் தாழிட்டு அளந்தான். நம்ப முடியாமல் மறுபடி அளந்தான். நாடா ஒரேயடியாகச் சொல்லிவிட்டது: நடுத்தரம்.

வெளியே நடையில் மழைக்கோட்டு சுவரில் உரசியது. காற்றுதான் என்று ஐவிந்துக்குத் தெரியும். ஆனாலும் தோர்ஸ்டைன் சிரிப்பதாகத்தான் கேட்டது. இருட்டில் யார் பார்க்கப்போகிறார்கள், கொஞ்சம் கவனமாக இருந்துகொண்டால் போயிற்று என்று பெரிய பெட்டியின் மேல் கை போனது.

அப்போதுதான் நாள் தள்ளிப்போன அந்த வாரம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாரம் முழுக்க சிக்ரித் மாரெனைக் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, தன் தலையைத் தானே பின்னிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏனென்று ஐவிந்த் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மானம் போனால் போகட்டும், அவள் இருந்தால் போதும் என்று அவனுக்குத் தோன்றியது. கதவைத் திறந்துகொண்டு நேராகச் சமையலறைக்குப் போனான்.

“சிக்ரித், அன்னைக்குக் கழண்டது பழசுங்கறதால இல்ல. அளவு தப்பு.”

“என்ன அளவு?”

“இழுப்பறையில ஒரு பெட்டி இருந்துச்சே, மிகப் பெரியதுன்னு. அதைப் பாத்துதான் ஒரு வருஷமா வாங்கிட்டிருக்கேன்.” அவன் காகித நாடாவை அவள் முன்னால் வைத்தான். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நான் தோர்ஸ்டைன் அளவு இல்ல. நான் நடுத்தரந்தான்.”

சிக்ரித் குழாயை மூடினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவனைத் தாண்டி, நடையில் தொங்கும் கோட்டையே நெடுநேரம் பார்த்தாள். போனவனை நினைத்து அழப்போகிறாள், அவன் இடத்துக்குத் தான் வந்ததே தப்பு என்று ஐவிந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

ஈரக் கையோடு அவள் அவன் முகத்தைப் பிடித்து நிமிர்த்தினாள். கண்ணில் நீர் இருந்தது. கோபமும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன.

“மாரென் நாங்க கேட்டா வந்தா, மடையா?” என்றாள். “அவனுக்கும் அது தொளதொளதான்!”