அசருக்குப் பிறகு ஓடிய மிசின்

மாப்பிள்ளையின் உம்மா வாயைத் திறந்ததும் பக்கத்து வீட்டு மிசினும் வாயைத் திறந்தது.

"புள்ள சமைப்பாளா?" என்று அவ கேட்டது, உதடு அசைந்ததை வைத்துத்தான் சுல்பிகாவுக்கு விளங்கியது.

"சமைப்பா! எல்லாம் சமைப்பா!"

மீன் சந்தையில் கூவுகிற மாதிரிக் கூவித்தான் பெற்ற மகளின் குணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மருதமுனையிலிருந்து சஹ்லாவைப் பார்க்க வந்த பெண்கள் ஒருத்தரின் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கொஞ்சப் பேர் காதைப் பொத்தினார்கள். வட்டிலப்பத்தைப் பாதி தின்றும் தின்னாமலும் எழும்பிவிட்டார்கள்.

"மறுகா சொல்லியனுப்புறம்" என்று வாசலில் சைகை காட்டிவிட்டு வேனில் ஏறினார்கள்.

வேன் தெருமுனை திரும்பியதும் மிசினும் நின்றது.

சுல்பிகாவுக்கு உச்சந்தலையில் நெருப்பு மூண்டது.

பக்கத்து வீட்டு சுபைறா குசினிக்குள் கிரைண்டர் வைத்து மிளகாய்த்தூளும் அரிசி மாவும் அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மதில். போன வருசம் சுல்பிகா சண்டை பிடித்துத்தான் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்தாள். காலையில் மட்டும் அரைக்க வேண்டும். மிசினுக்குக் கீழே சாக்கு மடித்துப் போட வேண்டும். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மூச்சுக் காட்டக் கூடாது.

"எங்கட ஊட்டுல ஒரு சோடிக் காது ஏற்கனவே போயிட்டு. மிச்சக் காதையாவது உட்டு வை" என்று அன்றைக்குச் சொன்னாள். அவள் புருசன் கலந்தர் இளந்தாரிக் காலம் முழுக்க அரிசி ஆலையில் வேலை செய்தவர். காதில் ஒரு துண்டுப் பஞ்சு வைத்தவரில்லை. இப்போது இடி விழுந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

சுபைறா அந்தச் சொல்லை மீறியதில்லை. அவளே காதுக்கு மூடி போட்டுக்கொண்டுதான் அரைப்பாள். அப்படிப்பட்டவள், பார்த்துப் பார்த்து இன்றைக்கு!

பின்வளவிலிருந்து கலந்தர் போனும் கையுமாக வந்தார்.

"என்ன, அவங்க கெதியாப் போயிட்டாங்க?"

"அந்த மிசின் சத்தத்துக்குள்ள மனிசர் இருப்பாங்களா?"

"எந்த மிசின்?"

சுல்பிகா தலையில் அடித்துக்கொண்டாள். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள்.

சுபைறா வாசலிலேயே நின்றாள்.

"ஏன்கா, அசருக்குப் பொறகு ஓட்டமாட்டன் எண்டு வாக்குத் தந்தயா இல்லயா?"

"தந்தன், ராத்தா."

"வாசல்ல வேன் நிண்டத்தக் கண்டயா இல்லயா?"

"கண்டன்."

"கண்டும் போட்டயா! என்ட புள்ளட கலியாணத்தையும் சேத்து அரைச்சிட்டாய். உனக்கும் ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி. நாளைக்கு அவளப் பாக்க ஆக்கள் வரட்டும். உரலப் போட்டு நான் இடிக்கிற இடியில உன்ட கூரை கழண்டு விழும், பாத்துக்க!"

அடுத்த வேலிக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது. சுபைறா அந்தத் தலைகளைப் பார்த்தாள்.

"என்னகா ஊமையாட்டம்? சொல்றதுக்கு ஒண்டும் இல்ல, என்ன?"

"உள்ளுக்கு வாங்க, ராத்தா. கதைப்பம்."

"உன்ட ஊட்டுப் படி மிதிக்கவும் எனக்கு வெக்கம்!"

அந்த நேரம் சஹ்லா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"உம்மா! அவங்க வேனுக்குள்ள இருந்தே போன் எடுத்தாங்க. சத்தத்துல ஒண்டும் கதைக்கக் கிடைக்கல்லியாம். ஆனா..." சொல்ல வெட்கம் வந்து சால்வை நுனியைக் கடித்தாள். "அவங்களுக்குப் புடிச்சிருக்காம். வெள்ளிக்கிழமை கிறுகி வாறாங்களாம்."

"அல்ஹம்துலில்லாஹ்!"

சுல்பிகா இரண்டு கையையும் ஏந்தி முகத்தில் தடவிக்கொண்டாள். பிறகு கழுத்தை நிமிர்த்தினாள்.

"கேட்டயா சுபைறா? நீ என்னதான் மிசினப் போட்டாலும், அல்லாஹ் போட்ட முடிச்ச உன்னால அவுக்க ஏலுமா?"

சுபைறாவின் முகத்தில் மெய்யாகவே ஒரு சிரிப்பு வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ், ராத்தா. எனக்கு இப்பதான் உசிர் வந்த."

சொன்னவள் சுல்பிகாவின் கையைப் பிடித்து, இழுக்காத குறையாகக் குசினிக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆக்கள் நிண்டதால வெளிய சொல்லல்ல. கோவிக்காதீங்க. கலந்தர் மச்சான் இந்த மதிலோரம் நிண்டு இறக்காமத்துல இரிக்கிற அவர்ட தம்பியோட போன்ல கதைச்சார். மெல்லமாக் கதைக்கன் எண்டுதான் அவர் நினைச்சிருப்பார்."

"என்னத்தக் கதைச்சார்?"

"'மாப்பிள்ளை பொன்னான பொடியன். உம்மாக்காரிதான் பேராசக்காரி. பொண்ணு பாக்க வந்தவ, வந்த நேரம் தொட்டு நாம சீதனமாக் குடுக்கப்போற ஊட்டுக் கதவையும் ஜன்னலையும் எண்ணிட்டிருக்கா' எண்டு கத்துறாரு, ராத்தா. ரோட்டால போன மீன்காரனே சைக்கிள நிப்பாட்டிட்டான். உங்கட கூடத்துக்குக் கேக்க எவ்வளவு நேரம்?"

சுல்பிகாவின் கண் மெல்ல மிசின் பக்கம் போனது. மூடி திறந்தே கிடந்தது.

உள்ளே ஒரு மல்லிக்கொட்டைகூட இல்லை.