ஒரு சாண் கறை

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சுவரில் படிந்த ஓர் எண்ணெய்க் கறையின் கதையைச் சொல்கிறேன்.

சென்னையில், வசதி இல்லாதவர்கள் குடியிருக்கட்டும் என்று அரசாங்கம் இடிக்காமல் காப்பாற்றி வைத்த நூறு வருடத் தோட்டக் குடியிருப்பு அது. வாடகை குறைவு, வாசலில் மரநிழல். ஒரே நிபந்தனை: ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, கட்டிய முதல் நாளில் இருந்தபடியே வீட்டை ஆக்கிவிட வேண்டும்.

நித்யகலாவின் கணவர் தினகர், எண்ணெய் வைத்த தலையைக் கூடத்துச் சுவரில் சாய்த்துத்தான் உட்காருவார். "சுவத்துல சாயாதய்யான்னா கேக்குறியா?" என்று அவள் திட்டாத நாளில்லை. அவர் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. வட்டக் கறை மட்டும் இருக்கிறது.

அந்த ஐந்து வருடக் கெடு வந்துவிட்டது; இன்று வர்ணம் அடிக்க அஸ்லம் வந்தான்.

"இந்த ஒரு சாண் மட்டும் விட்டுடு தம்பி."

"கவர்மெண்டு மெஷின் வந்து பழைய போட்டோவோட ஒத்துப் பாக்கும்க்கா. ஒரு புள்ளி மாறினாலும் காலி பண்ணச் சொல்லிடும். எங்க போவீங்க?"

போக இடமில்லை. கறைக்குக் கீழே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எட்டவில்லை, அவர் நல்ல உயரம். மணைப்பலகையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். எட்டியது. அஸ்லம் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, அடிப்பா," என்று எழுந்தாள்.

சாயங்காலம் மெஷின் வந்து பார்த்துவிட்டுப் பச்சை விளக்கைக் காட்டிப் போனது. பளிச்சென்ற சுவரோரம், ஓர் ஆள் இடம் விட்டு அவள் உட்கார்ந்தாள்.

"சாஞ்சுக்கய்யா. இனிமே நான் ஒண்ணும் சொல்லல."

உங்கள் வீட்டுச் சுவர்கள் அழுக்காகவே இருக்கட்டும், கண்ணுகளா. சாய்கிற தலைகள் நெடுங்காலம் நன்றாயிருக்கட்டும்.