சூடு தெரிகிறதா

காகிதக் கோப்பையை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் இசக்கியம்மாளுக்கு அது முடியவில்லை. மெஷினில் பிடித்த காபியை வலது கைக்கும் இடது கைக்குமாக மாற்றிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சேலைத் தலைப்பை மடித்து அதற்குள் வைத்துக்கொண்டாள்.

இசக்கியம்மாள் புதிது. பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டோடு உட்கார்ந்து உட்கார்ந்தே முழங்கால் போய்விட்டது என்று வந்ததும் வராததுமாகச் சொல்லியிருந்தாள். மூட்டுவலிக்குப் புதிதாக ஒரு மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி நடந்தது. அதில் சேர இன்றைக்குத்தான் கையெழுத்துப் போடப் போகிறாள். உள்ளே கேமராவைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். சம்மதம் சொல்வதைப் படம் பிடித்து வைப்பார்கள்.

"நீங்க சாப்பிடுத மாத்திரதானக்கா இது? ஒண்ணும் செய்யலைல்லா?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பழகிய பதில்தான். வாரா வாரம் போனில் சொல்வது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜெஸ்லின் கூப்பிடுவாள். ஆராய்ச்சிப் பிரிவு நர்ஸ். மயக்கம் உண்டா, வாந்தி உண்டா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேட்பாள். எல்லோரிடமும் கேட்கிற கேள்விகள்தான். இருக்கட்டுமே. தூக்கம் வருகிறதா என்று கட்டினவர்கூட ஒருநாளும் கேட்டதில்லை. அவர் போன பிறகு போன் அடித்தால், லோன் வேண்டுமா என்று ஒரு பெண் கேட்பாள். அவளிடமும் ஒருமுறை சாப்பிட்டாயா என்று கேட்டுப் பார்த்தாள். வைத்துவிட்டாள்.

ஜெஸ்லின் வைக்கமாட்டாள். கேள்விகள் முடிந்த பிறகும் கொஞ்சம் பேசுவாள். தன் பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள் என்பாள். அந்தப் பல்லுக்காகவே வாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சேர்ந்த அன்று ஜெஸ்லின்தான் தாளை வரி வரியாகப் படித்துக் காட்டினாள். எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வரியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விலகி எங்கே போவது.

விரல் நுனி மரத்துப்போனது அதற்குப் பிறகுதான். முதலில் ஊசியில் நூல் கோக்க வரவில்லை. அப்புறம் பூ கட்ட வரவில்லை. ஒருநாள் பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்தாள். தோல் சிவந்திருந்ததைப் பார்த்துத்தான் சுட்டது தெரிந்தது.

சொல்லவில்லை.

வாந்தி வருகிறது என்று சொன்ன பெரியவர் ஒருவருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். பிறகு இந்தப் பக்கம் அவரைக் காணோம். மாத்திரை நின்றால் செவ்வாய்க்கிழமையும் நின்றுவிடும். அதனால் அவள் நன்றாகவே இருந்தாள்.

"சுடலையாக்கா உங்களுக்கு?"

இசக்கியம்மாள் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காபியில் இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது.

இசக்கியம்மாளின் விரல்களை அவளும் பார்த்தாள். நுனியெல்லாம் காய்ப்பு. இலையை மடித்துச் சுருட்டி நூல் கட்டுகிற விரல்கள். அவை இருந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும்.

கதவு திறந்தது. ஜெஸ்லின் எட்டிப் பார்த்து, இசக்கியம்மாளை உள்ளே வரச் சொன்னாள்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சுடல. ரொம்ப நாளா சுடல."

ஜெஸ்லினுக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விரல்களுக்காக இல்லை.

இசக்கியம்மாள் கையெழுத்துப் போடவில்லை. மிச்சக் காபியைக் குடித்தாள். அவளுடைய தோளைத் தொட்டாள். பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

ஜெஸ்லின் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேனா முனையால் ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

அன்றைக்கே மாத்திரையை நிறுத்தினார்கள்.

மறுநாள் போன் அடித்தது. லோன்காரி என்று நினைத்து எடுத்தாள்.

ஜெஸ்லின்.

மாத்திரை நின்றாலும் விரல் சரியாகிற வரைக்கும் கூப்பிட்டு விசாரிப்பார்களாம். அதுவும் அந்தத் தாளில் இருந்ததாம். படித்தும் காட்டினாளாம்.

அப்போது அவள் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இப்போது தினமும் கூப்பிடுகிறாள் ஜெஸ்லின். கேள்வி ஒன்றே ஒன்றுதான். பிறகு பாப்பா பேச்சு. பாப்பாவுக்கு மேல் பல்லும் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விட்டால் விழுகிறாள்.

இன்று காலை டம்ளரைத் தூக்கியபோது சுருக்கென்றது.

கட்டை விரலில் முதலில். பிறகு எல்லா விரல்களிலும்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சுடுதே என்று வாய்விட்டுச் சொன்னாள். அடுப்படியில் வேறு யாரும் இல்லை.

போன் அடித்தது.

"சூடு தெரியுதாம்மா?"

டம்ளர் கையிலேயே இருந்தது. விரல்கள் எரிந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே வைக்கவில்லை.

"இன்னும் இல்லம்மா," என்றாள். "பாப்பா நடக்காளா?"